‘கேமராவைப் பாரும்மா’ என்று சொல்லாதீர்கள்

நெருள், சீவுட்ஸ், ஜூயிநகர், வாஷி, செம்பூர், மாட்டுங்கா என மும்பை, நவி மும்பைப் பகுதிகளில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தோழர்களுக்கும், அரங்கேற்றப் படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,



நம் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை பரதம் கற்று மேடையேறப் போகிறாள் என்றால், அரங்கம் பதிவான கையோடு படம் எடுக்கவும் தேதி குறித்துவிடுகிறார்கள். அழைப்பிதழ், வாசலில் நிறுத்தும் ஃப்ளெக்ஸ், பிற்பாடு வீட்டுக் கூடத்தில் மாட்டப்போகும் பெரிய படம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நாளில்தான் எடுக்கிறார்கள். ஏழெட்டு வருஷம் லோக்கலிலும் ஆட்டோவிலுமாக வகுப்புக்குப் போய்வந்து, பரீட்சைக்கு நடுவிலும் அடவு செய்து பழகிய பிள்ளைக்குக் கடைசியில் கையில் மிஞ்சுவது அந்தப் படம். அதை எடுக்கும் பொறுப்பு நம்மிடம் வருகிறது. அதனால்தான் இந்த மடல்.

வாஷி, செம்பூர் அரங்க வாசல்களில் நான் பார்க்கும் அரங்கேற்றப் படங்களில் பல, உண்மையில் கல்யாணப் படங்கள். உடுத்தியிருப்பது பரத உடை. ஆனால் நிறுத்திய விதமும் விழுந்திருக்கும் ஒளியும் மணப்பெண்ணுக்கு உரியவை. நான் கேட்பது ஒன்றுதான்: ஆடும் பெண்ணை மணப்பெண்ணாக்கி எடுக்காதீர்கள்.

நம் பிழைப்பு கல்யாணத்தில்தான் ஓடுகிறது, அதில் குறையேதும் இல்லை. முகத்துக்கு நேரே பெரிய சாஃப்ட்பாக்ஸ், மடியருகே ரிஃப்ளெக்டர், 85 லென்ஸ், இடுப்புக்கு மேல் ஃப்ரேம், “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, லேசா சாயுங்க, சிரிங்க.” இதெல்லாம் கை தானாகச் செய்யும் அளவுக்கு நமக்குப் பழகிவிட்டது. மணப்பெண்ணுக்கு அது பொருந்தும், அங்கே முகம்தான் விஷயம். ஆடுபவளுக்கு முகம் உடம்பில் ஒரு பகுதி. குதிகாலில் பிடித்த இழுப்பு முதுகு வழியாக ஏறி விரல் நுனியில்தான் முடிகிறது. இதில் எந்த இடத்தை நீங்கள் வெட்டினாலும், எந்த இடத்தை இருட்டில் விட்டாலும், அவள் கற்றதில் அவ்வளவு பகுதி படத்திலிருந்து போய்விடுகிறது.

அரைமண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குதிகால்கள் நெருங்கி, பாதங்கள் பக்கவாட்டில் திரும்பி, முழங்கால்கள் வெளிப்பக்கம் விரிந்து, முதுகு நேராக நிற்கும் நிலை. கால்களுக்கு நடுவே சாய்சதுரம் ஒன்று தெரிய வேண்டும். ஆசிரியர்கள் வருஷக்கணக்கில் தட்டுக்கழியோடு மல்லுக்கட்டுவது அந்தச் சாய்சதுரத்துக்காக. நாமோ நின்ற வாக்கில், கண் உயரத்தில் கேமராவைப் பிடித்து எடுக்கிறோம். அவள் ஏற்கெனவே ஓர் அடி கீழே இறங்கி நிற்கிறாள். மேலிருந்து பார்க்கும் லென்ஸ் அவள் கால்களை இன்னும் குட்டையாக்கிச் சாய்சதுரத்தை நசுக்கிவிடுகிறது. படத்தைப் பார்த்த டீச்சர், “ஏண்டி, உட்காரவே இல்லையே?” என்று அந்தப் பிள்ளையைக் கேட்பார். அவள் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தாள். லென்ஸ்தான் உயரத்தில் இருந்தது.

முட்டி போடுங்கள். லென்ஸ் அவளுடைய தொப்புள் உயரத்தில் இருக்கட்டும். அதற்கும் கீழே போய்த் தரையோடு தரையாகப் படுத்து எடுத்தால் பிரம்மாண்டமாகத் தெரியும் என்று சிலர் நினைக்கிறார்கள். தொடை பெருத்து, தாடைக்கு அடிப்பக்கம் தெரிவதுதான் மிச்சம்.

அடுத்தது இடம். நம் கடைகள் அநேகமாக சிட்கோ கட்டடங்களின் கீழ்த்தளத்தில் இருப்பவை; பாஸ்போர்ட் படத்துக்கும் குடும்பப் படத்துக்கும் போதும். ஆடுபவளை முழு உருவமாக, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் வெளி விட்டு எடுக்க, முழுஃப்ரேம் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து 50 லென்ஸ் போட்டால் பதினோரு பன்னிரண்டு அடி விலகி நிற்க வேண்டும். 85 போட்டால் பத்தொன்பது இருபது அடி. அதுவும் கேமராவுக்கும் அவளுக்கும் நடுவே மட்டும். அவளுக்குப் பின்னால் திரை வரை இன்னும் ஆறேழு அடி வேண்டும், இல்லையென்றால் அவள் நிழல் திரையில் போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு இடம் இல்லாதபோது அகல லென்ஸ் போட்டு எட்டடியில் நின்று சமாளிக்கிறோம். முன்னே நீட்டிய அலபத்ம முத்திரைக் கை முகத்தைவிடப் பெரிதாக வந்து நிற்கிறது. அரை நாள் வாடகைக்கு சொசைட்டி ஹால் கிடைக்கிறது, மாலையில் பள்ளிக்கூட அரங்கம் கிடைக்கிறது. அந்த வாடகையைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். பிரேம் போட்டுக் கொடுக்கும் காசில் பாதிகூட ஆகாது.

இனி ஒளி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

எட்டடி உயரத்தில் சாஃப்ட்பாக்ஸ், அவளிடமிருந்து மூன்றடி தள்ளி. மணப்பெண்ணுக்கு அருமையான ஒளி. அதே இடத்தில் அரைமண்டியில் நிற்கும் பெண்ணை வைத்தால், முகத்தில் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குகூடப் பாதத்துக்குப் போய்ச் சேராது. தூரம் கூடக்கூட ஒளி எவ்வளவு வேகமாகக் குறையும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சலங்கை கட்டிய காலும், அல்தா பூசிய விரலும் சேற்றில் நிற்பதுபோல இருண்டுவிடும். அதே விளக்கைப் பத்தடிக்குத் தள்ளி வையுங்கள். முகத்துக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு பாதத்துக்கும் கிடைக்கும். தள்ளினால் ஒளி கொஞ்சம் கடினமாகும், உண்மை. அதற்குப் பெரிய ஆக்டாபாக்ஸ் போடலாம், அல்லது விளக்கை வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்பலாம். இரண்டு தெர்மோகோல் தகடுகளை ‘வி’ வடிவத்தில் ஒட்டிக் காலருகே நிறுத்தினாலும் போதும். ஸ்டேஷனரி கடையில் வாங்கிய அந்தத் தகடு செய்யும் வேலையை விலையுயர்ந்த ரிஃப்ளெக்டரால் செய்ய முடியாது, காரணம் அது ஆளுயரத்துக்கு நிற்கும்.

விளக்கு எந்தப் பக்கம்? நேரே வேண்டாம். நேரே விழும் ஒளியில் பட்டின் விசிறி மடிப்பு தட்டையாகிவிடுகிறது. அரைமண்டியில் உட்காரும்போது விரிய வேண்டும் என்றே தையற்காரர் ஒவ்வொரு மடிப்பாகத் தைத்திருக்கிறார். பக்கவாட்டிலிருந்து, ஐம்பது அறுபது டிகிரி சாய்வில் ஒளி வந்தால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு வெளிச்சப் பக்கமும் ஒரு நிழல் பக்கமும் கிடைக்கும். நிறுத்திவைத்த உடையில் அசைவு தெரிவது அதனால்தான். பின்னாலிருந்து எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு வையுங்கள்: ஜடைநாகமும் குஞ்சலமும் கருப்புத் திரையிலிருந்து பிரிந்து வரும், மடித்த முழங்கையின் விளிம்பும் தெரியும். ஜரிகையும் கோயில் நகையும் கண்ணாடி மாதிரி, விளக்கின் உருவத்தையே திருப்பிக் காட்டுபவை. சின்ன விளக்கை அடித்தால் ஒட்டியாணத்தில் பொட்டுப் பொட்டாக வெள்ளை வெடிக்கும். அகலமான விளக்கை அடித்தால் பொன் பொன்னாகவே வரும்.

அல்தாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டிஜிட்டல் கேமராவில் சிவப்புதான் முதலில் நிரம்பி வழியும். முகம் சரியாக இருக்கிறது என்று திரையைப் பார்த்துத் திருப்தி அடைந்தால், விரல் நுனிகள் ஒரே சிவப்புத் திட்டாக, ரேகைகூட இல்லாமல் வந்திருக்கும். ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பாருங்கள். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தாலே காப்பாற்றிவிடலாம். மலிவான எல்இடி பேனல்களில் இதற்கு நேர்மாறான தொல்லை உண்டு. கெம்புக்கல்லும் அரக்குப் பட்டும் காவி பூசினாற்போல மங்கிவிடும். அந்த விளக்குகளை வீடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிழலுக்குப் பயப்படாதீர்கள் என்று சொன்னால், “கஸ்டமர் ஒத்துக்கமாட்டாங்க” என்கிறீர்கள். நம் ஊர்க்காரரே வழிகாட்டியிருக்கிறார். ஜே.எச். தாக்கர் 1948இல் தாதரில் இந்தியா ஃபோட்டோ ஸ்டுடியோவைத் தொடங்கினார். அன்றைய இந்தித் திரை நட்சத்திரங்களை அவர் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். முகத்தில் பாதியைத் துணிந்து இருட்டில் விட்டிருப்பார். வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று ஓடவில்லை, வரிசையில் நின்றார்கள். நிழல்தான் மூக்கையும் கன்னத்தையும் கழுத்தையும் செதுக்குகிறது. ஆடும் உடம்புக்கு அது இன்னும் எவ்வளவு தேவை!

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பரதம் கற்கும் பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம், கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது. அபிநய தர்ப்பணம் என்னும் நாட்டிய நூல் எட்டு வகைப் பார்வைகளைச் சொல்கிறது. நேர்ப்பார்வை, கடைக்கண் பார்வை, மேல்நோக்கு, கீழ்நோக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. அவள் வலக்கையை உயர்த்தி அந்த விரலைப் பார்த்து நிற்கும்போது நாம், “கேமராவைப் பாரும்மா” என்கிறோம். பெரியவர் சொல்கிறார் என்று அவளும் பார்க்கிறாள். அந்த நொடியிலேயே ஆட்டம் முடிந்து போகிறது. கை ஒரு பக்கம் நிற்கிறது, கண் வேறொரு பக்கம் நிற்கிறது, நடுவில் ஒரு சங்கடமான சிரிப்பு. அலாரிப்பு தெரிந்த யாரும் அந்தப் படத்தைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள்.

அவள் பார்க்கும் திசையில் விளக்கை நகர்த்துங்கள். கடைக்கண் பார்வைக்கு விளக்கைக் கொஞ்சம் இறக்க வேண்டும், அப்போதுதான் கண்ணின் வெள்ளை தெரியும், கருமணியில் ஒளிப்பொட்டு விழும். மேடைக்காகத் தீட்டிய மை தடிமனானது, கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று போடுவது. உயரத்தில் வைத்த விளக்கில் அந்த மையும் இமையின் நிழலும் சேர்ந்து கண்ணை ஒரு குழியாக்கிவிடும். முடிந்தால் மேக்கப் போடுபவரிடம் முன்கூட்டியே பேசி, ஸ்டுடியோவுக்குக் கையை அடக்கிப் போடச் சொல்லுங்கள்.

எந்த நொடியில் அமுக்குவது? தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் பரத முனிவர் சொன்ன 108 கரணங்களைச் செதுக்கத் தொடங்கிய சிற்பிகள் 81ஐ முடித்தார்கள். மீதி 27க்கான கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. கரணங்கள் நின்றுகொண்டிருக்கும் நிலைகள் அல்ல, கையும் காலும் சேர்ந்து நகரும் அசைவுகள் என்று நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் தம் ஆய்வில் விளக்கிக் காட்டினார். அப்படியென்றால் அந்தச் சிற்பி செய்தது நாம் செய்யும் வேலைதான்: ஓடும் அசைவில் ஒரு நொடியைத் தேர்ந்தெடுத்தார். அவருக்கு ஷட்டர் இல்லை, ஆட்டம் தெரிந்திருந்தது. நம்மிடம் ஷட்டர் இருக்கிறது.

அதனால் “அப்படியே நில்லு, அசையாதே” என்று சொல்லாமல், ஆடச் சொல்லுங்கள். டீச்சரைத் தட்டுக்கழியோடு வரச் சொல்லுங்கள். அவர் ஜதி சொல்லட்டும். ஜதியை முடிக்கும் தீர்மானம் ‘கிடதகதரிகிடதொம்’ என்று மூன்று முறை வந்து முடியும். மூன்றாவது ‘தொம்’மில் அவள் உடம்பு முழுவதும் ஒரே கோட்டில் வந்து பூட்டிக்கொள்ளும். அங்கேதான் படம். ‘தொம்’ காதில் விழுந்த பிறகு அமுக்கினால் தாமதம், அவள் தளர ஆரம்பித்திருப்பாள். ‘கிட’ வரும்போதே விரல் பாதி அழுத்தத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றுகளை எடுக்காமல் காதால் கேளுங்கள், மூன்றாவது சுற்றில் கை தானாகவே தாளத்தில் விழும். குதிப்பதையும் சுழல்வதையும் உறையவைக்க ஷட்டரைக் கூட்டிப் பயனில்லை, ஃப்ளாஷ் மின்னும் நேரம்தான் கணக்கு. சாதாரண ஸ்பீட்லைட்டைப் பதினாறில் ஒரு பங்கு சக்திக்கு இறக்கினால் அது வினாடியில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் மின்னும். இரண்டு மூன்று ஸ்பீட்லைட்டுகளைச் சேர்த்துக் குறைந்த சக்தியில் வைத்தால், பறக்கும் குஞ்சலம்கூட நூல் நூலாக வரும்.

நியூயார்க்கில் புகைப்படக் கலைஞர் பார்பரா மார்கன் 1940இல் நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமை எடுத்த படம், பாவாடை விசிறிப் பறக்க உடல் முன்னே மடங்கிய அந்தப் படம், இன்றும் உலகம் முழுவதும் பேசப்படுகிறது. மார்கன் கிரஹாமின் ஆட்டத்தை முதலில் பார்த்துப் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டு, எந்த நொடி வேண்டும் என்று தீர்மானித்த பிறகே ஸ்டுடியோவில் எடுத்தார். நம் நாட்டில் சி. நாச்சியப்பன். பிற்காலத்தில் துறவு பூண்டு கோவிலூர் மடத்துக்குத் தலைமையேற்ற அதே நாச்சியப்பன்தான். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணிதேவியையும் அதன் மாணவர்களையும் அவர் எடுத்த படங்களில் ஒருவர்கூடப் படத்துக்காக நிற்பதுபோலத் தோன்றாது. கலாக்ஷேத்திரத்துக்குள்ளேயே வாழ்ந்தவர், வகுப்பையும் ஒத்திகையையும் தினமும் பார்த்தவர். எந்த அடவில் எந்த இடத்தில் உடம்பு திறக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நமக்கு அப்படி வாழ வாய்ப்பில்லை. ஆனால் படம் எடுக்கும் முன் ஒரு நாள் வகுப்புக்குப் போய் மூலையில் உட்கார முடியும். மாட்டுங்காவில் ஸ்ரீராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் 1945இல் தொடங்கிய காலத்திலிருந்து இந்த நகரத்தில் பரத வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. நெருளிலேயே செக்டருக்குச் செக்டர் வகுப்பு நடக்கிறது. ஒரு மணி நேரம் போதும். அவள் எதில் தேர்ந்தவள், எதில் தடுமாறுகிறாள், எந்தப் பக்கம் திரும்பும்போது முகம் மலர்கிறது என்பது தெரிந்துவிடும். பிறகு நீங்கள் நடராஜர் போஸைக் கேட்கமாட்டீர்கள். எல்லா அரங்கேற்ற அழைப்பிதழிலும் அதே தூக்கிய இடக்கால், அதே சாய்ந்த இடுப்பு. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த நிலையில் இடுப்பு சாயாமல் நிற்பது கடினம். அவள் பல மாதங்கள் உழைத்த வர்ணத்தில் அவளுக்கே உரிய ஓர் இடம் இருக்கும். தோழியிடம் தூது சொல்லும் கை, வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் கழுத்து. அதை எடுங்கள். அபிநயத்துக்கு மட்டும் முகத்தை நெருங்கிப் போகலாம். பாட்டை ஓடவிட்டு, உச்சத்தில் எடுக்காமல், பாவம் முகத்தில் ஏறிவரும்போதோ வடிந்து இறங்கும்போதோ எடுத்துப் பாருங்கள்.

தோல் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. கறுத்த பிள்ளையை வெளுப்பாக்கிக் கொடுக்கும் வழக்கம் நம் தொழிலில் இன்னும் இருக்கிறது. பெற்றோரே கேட்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். மேடையில் அத்தனை பேருக்கு முன்னால் தன் நிறத்தோடு ஆடப்போகிற பிள்ளையிடம், அரங்க வாசல் ஃப்ளெக்ஸில் வேறொரு நிறத்தைக் காட்டுவது அவள் மனத்தில் என்ன விதைக்கும்? கறுத்த தோலுக்கு எக்ஸ்போஷரைக் கூட்டத் தேவையில்லை, கூட்டினால் பட்டும் பொன்னும்தான் வெளுக்கும். அகலமான விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கன்னத்து எலும்பிலும் தோளிலும் முன்கையிலும் ஒரு நீண்ட மினுக்கு ஓடும். அந்த மினுக்குதான் உருவத்தைக் காட்டும். அப்படி ஒளியமைத்த படத்தைத் தாயிடம் காட்டினால், வெளுப்பாக்கச் சொல்லும் பேச்சே பெரும்பாலும் எழாது.

பிள்ளையின் உடம்பையும் நினையுங்கள். அரைமண்டியில் நெடுநேரம் நிறுத்தினால் தொடை நடுங்கும். நடுக்கம் முதலில் முகத்தில்தான் தெரியும். எடுத்ததும் எழுந்திருக்கச் சொல்லுங்கள், விளக்கை அதற்கப்புறம் சரிசெய்யலாம். கிரானைட் தரையிலும் சிமெண்ட் தரையிலும் குதிக்கவைக்காதீர்கள், வழுக்கும் வினைல் திரையில் வேண்டவே வேண்டாம். பாம் பீச் ரோட்டுப் பக்கம் ப்ரீ-வெட்டிங் எடுக்கும் அதே இடங்களுக்கு முழு உடையில் வெறுங்காலோடு கூட்டிப்போய், சுடும் கல்லில் நிறுத்துவதும் வேண்டாம். முந்தானை மடிப்பையோ கையையோ நீங்கள் தொட்டுச் சரிசெய்யாதீர்கள். உங்கள் கையால் செய்து காட்டுங்கள், மிச்சத்தை அம்மாவோ டீச்சரோ பார்த்துக்கொள்வார்கள். உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும், திரைத்துணி போதாது. உங்கள் இன்ஸ்டாகிராமில் போடும் முன் பெற்றோரையும், அந்தப் பிள்ளையையும் கேளுங்கள்.

படத்துக்குப் பெயரும் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்டுடியோக்களில் எடுத்த நம் ஆடல் மகளிரின் படங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அடியில் ‘நாட்ச் கேர்ள்’ என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். யார் மகள், யாரிடம் கற்றாள், என்ன ஆடினாள் என்று எதுவும் தெரியாது. சாய்வு மேசையில் கையை ஊன்றி, யாரோ நிறுத்திய இடத்தில் நிற்கிறார்கள். நாம் கொடுக்கும் ஃபைலிலும் ஆல்பத்தின் பின்பக்கத்திலும் அவள் பெயர், குருவின் பெயர், எந்த உருப்படியின் எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதிக் கொடுப்போம். நம் கடையின் முத்திரையை அவள் பாதத்தின் மேல் பதிக்காமல் ஓரத்தில் போடுவோம்.

ஒரு யோசனையும் சொல்லிவிடுகிறேன். விஜயதசமிக்குப் பிறகு அரங்கேற்ற வேலைகள் கூடும். நம்மில் நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்தால் மாதத்தில் இரண்டு ஞாயிறு ஒரு சொசைட்டி ஹாலை வாடகைக்கு எடுத்துப் பங்கு போட்டுக்கொள்ளலாம். காலையில் ஒருவர், மதியம் ஒருவர். கருப்புத் திரையும் ஸ்டாண்டுகளும் பொதுவாக இருக்கட்டும். என்னிடம் ஐந்தடி ஆக்டாபாக்ஸ் ஒன்றும் ஆளுயரத் தெர்மோகோல் தகடுகள் ஆறும் இருக்கின்றன. முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னால் யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம்; வாடகை வேண்டாம். தகடு உடைந்தால் மட்டும் புதிது வாங்கி வையுங்கள், அடுத்த ஞாயிறு வேறொருவருக்கு வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் தொழில்தோழன்,
நெருள்